மாவு மில்லிலிருந்து ஒரு மெசேஜ்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு வெயில் காலத்தில் நடந்தது இது. நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் பிரிவில் சூப்பர்வைசர். வீடு பேரணாம்பட்டில். காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். என் வீட்டுக்காரர் தோல் பதனிடும் டேனரியில் பினிஷிங் டெக்னீஷியன். எங்கள் பக்கம் டேனரிகளில் வேலை குறைய ஆரம்பித்ததிலிருந்து, தொழில் தெரிந்தவர்கள் ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போவது சாதாரண விஷயமாகிவிட்டது. அவரும் அப்படித்தான் போனார். எந்த நாடு என்று எழுத எனக்கு மனசில்லை. அரபி பேசுகிற நாடு, ஆடு மாடு அதிகம், அதனால் தோலும் அதிகம். அவ்வளவு போதும்.

அவர் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த நாட்டில் ராணுவத்துக்கும் ஆயுதம் தாங்கிய ஒரு கூட்டத்துக்கும் சண்டை மூண்டது. தலைநகரத்தில் இருந்த நம்மவர்களைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவருவதை டி.வி.யில் பார்த்தோம். இவர் இருந்தது உள்ளடங்கிய ஓர் ஊர். அங்கிருந்து ராணுவம் பின்வாங்கிவிட, ஊர் கிளர்ச்சிக்காரர்கள் கைக்குப் போய்விட்டது. துறைமுகத்துக்குப் போகும் ரோட்டை மூடிவிட்டார்கள். டேனரி முதலாளி குடும்பத்தோடு ஓடிவிட்டார். கடைசியாகப் பேசியபோது, "குவார்ட்டர்ஸ்ல தான் இருக்கேன், வெளிய போகல, பயப்படாதே" என்றார். அதற்குப் பிறகு அந்த ஊரில் போன் டவரே இல்லாமல் போய்விட்டது.

கம்பெனியில் வேலை நடக்கிற லைனுக்குள் போன் கொண்டுபோக முடியாது. லாக்கரில் வைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் எடுத்துப் பார்ப்போம். ஒரு நாள் அப்படி எடுத்தபோது, தெரியாத வெளிநாட்டு நம்பரிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ் வந்திருந்தது. உங்கள் கணவர் உயிரோடு இருக்கிறார், காலில் காயம், எங்கள் பள்ளிக்கூடத்தில் சாப்பிடுகிறார், படித்ததும் இதை அழித்துவிடுங்கள் என்று எழுதியிருந்தது. பெயர் எதுவும் இல்லை.

எனக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகம்தான் முதலில் வந்தது. வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களின் குடும்பத்தை ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கம்பெனியில் பழகிய இங்கிலீஷில், அவர் ஊரை விட்டுக் கிளம்பிய அன்று என்ன நடந்தது என்று அவரிடமே கேட்டுச் சொல்லுங்கள் என்று பதில் போட்டேன். இரண்டு நாள் கழித்து வந்தது பதில். சென்னை ஏர்போர்ட் வாசலில் அவருடைய செருப்பு அறுந்துபோனதாம், தம்பியின் செருப்பை வாங்கிப் போட்டுக்கொண்டு விமானம் ஏறினாராம். படித்துவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்திலேயே அழுதுவிட்டேன். ஷூ கம்பெனிக்காரி புருஷன் இரவல் செருப்போடு வெளிநாடு போனான் என்று நாங்கள் மாசக்கணக்கில் சிரித்த விஷயம் அது. வேறு யாருக்கும் தெரிய வழியில்லை.

அந்த மெசேஜ் அனுப்பியவர் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை. அவரை டீச்சர் என்றே சொல்கிறேன். சண்டையில் பள்ளிக்கூடம் மூடிவிட, டீச்சரும் அந்தத் தெருப் பெண்களும் சேர்ந்து அங்கேயே அடுப்பு மூட்டி, ஒரு பெரிய அண்டாவில் பருப்பு வேகவைத்து, பசியோடு வருகிற யாராக இருந்தாலும் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வகுப்பறையில் காயத்துக்குக் கட்டுப் போட்டார்கள். டேனரிக் கூரைத் தகடு விழுந்து காலைக் கிழித்துக்கொண்ட என் வீட்டுக்காரர், நொண்டிக்கொண்டே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார். அவருக்குச் சுகர் வேறு. மாத்திரை தீர்ந்துபோய் காயம் ஆறாமல் இருந்தது.

பசித்தவருக்குச் சோறு போடுவதில் யாருக்கு என்ன கோபம் வரும் என்றுதான் நான் நினைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக டீச்சர் எழுதியதில்தான் புரிந்தது. இவ்வளவு பேருக்குச் சமைக்கப் பருப்பு எங்கிருந்து வருகிறது, வெளிநாட்டிலிருந்து யார் அனுப்புகிறார்கள், நீ ராணுவத்துக்கு உளவு சொல்கிறவளா என்று அந்த ஆயுதக்காரர்கள் வந்து வந்து கேட்பார்களாம். அந்தப் பக்கம் ராணுவமோ, கிளர்ச்சிக்காரர்களுக்கு ஆக்கிப் போடுகிறவர்கள் என்று இவர்களைச் சொல்லுமாம். மாத்திரை, பஞ்சு, துணி எது கண்ணில் பட்டாலும் செக்போஸ்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் டீச்சர் மாத்திரைகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, பருப்புப் பாத்திரத்தின் அடியில் போட்டு எடுத்துப் போவார்.

போன் டவர் போன பிறகு ஊரில் இன்டர்நெட் இருந்தது, சாட்டிலைட் டிஷ் வைத்த ஒரே ஒரு டீக்கடையில். அதையும் அந்த ஆயுதக்காரர்களே நடத்தினார்கள். அங்கே போய் உட்கார்ந்துதான் மெசேஜ் அனுப்ப வேண்டும். அவர்களுக்குத் தோன்றினால் போனை வாங்கிப் பார்ப்பார்கள். அதனால் டீச்சர் வீட்டிலேயே டைப் பண்ணிக் கொண்டுபோய், அனுப்பிய கையோடு அழித்துவிடுவார். எனக்கும் சில விஷயங்கள் சொன்னார். பெயர் போட்டு நம்பரைப் பதியக் கூடாது. போட்டோ கேட்கக் கூடாது. எந்தத் தெரு, எந்த ரோடு என்று கேட்கக் கூடாது. உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பிட்டாரா, இது மட்டும்தான் பேச்சு. முக்கியமாக, யாரிடமும் நன்றி சொல்லக் கூடாது.

நன்றி சொல்லக் கூடாது என்றது எனக்கு விளங்கவில்லை. ஏன் என்று கேட்டேன். அவர்கள் சமையலுக்கு ரொட்டி கொடுத்துவந்த பேக்கரிக்காரர் ஒருவரைப் பற்றி எழுதினார். வெளிநாட்டில் இருந்த யாரோ ஓர் உறவுக்காரர் அவரைப் புகழ்ந்து, போட்டோவோடு இன்டர்நெட்டில் நாலு வரி போட்டிருக்கிறார். அந்தப் போட்டோவைப் போனில் வைத்துக்கொண்டே ஆயுதக்காரர்கள் பேக்கரிக்கு வந்தார்களாம். கூட்டிக்கொண்டு போனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. "நல்ல எண்ணத்தோடு செய்ததுதான்" என்று டீச்சர் முடித்திருந்தார்.

அன்றைக்கே டீச்சர் நம்பரை 'மாவு மில்' என்று பதிந்துகொண்டேன். என் மாமியார் பீடி சுற்றிக்கொண்டே எதிரில் உட்கார்ந்திருப்பார். போன் சத்தம் கேட்டதும், "இன்னாம்மா, மாவு மில்லா?" என்று கேட்பார். ஆமாம் என்றால் பீடித் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுவார். சர்ச்சில் ஜெபக் குறிப்பு கேட்டபோதுகூட, "ஒரு மாவு மில்லுக்காரம்மாவுக்காக ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லியிருக்கிறார். பாஸ்டர் என்னிடம் வந்து, அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

ஒரே ஒரு தடவை, டீச்சர் என் வீட்டுக்காரருடைய குரலைப் பதிவு செய்து அனுப்பினார். மகன் குரலைக் கேட்காமல் அம்மா சாப்பிட மாட்டேன் என்கிறார் என்று நான் எழுதியிருந்ததால் செய்த உதவி அது. அதில் அவர், "அம்மா, நான் நல்லா கீறேன், காலு பரவால்ல, இந்த டீச்சர்தான் தெனம் கட்டு கட்டி உடறாங்க" என்று டீச்சரின் முழுப் பெயரையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் வெகுளியாகச் சொல்லிவிட்டார். பின்னால் டீச்சர் சிரிப்பதும் கேட்டது. மாமியார் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் வேலைக்குப் போய்விட்டால் யார் போட்டுக் காட்டுவது என்று, என் கொழுந்தனார் அதைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டார். என் போனில் இருந்ததை நான் அழித்துவிட்டேன்.

கொழுந்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லோடு வண்டி ஓட்டுகிறார். அண்ணன் என்றால் உயிர். அந்த நாட்களில் அவர் ஓடாத இடமில்லை. வேலூர் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம். அங்கிருந்தவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள், மேலே அனுப்பினார்கள். ஆனால் அந்த ஊருக்குள் யாருமே போக முடியாத நிலையில் அவர்களாலும் உடனே என்ன செய்ய முடியும்? நாட்கள் போகப் போக கொழுந்தனாருக்குப் பொறுமை போய்விட்டது. "சும்மா இருந்தா அண்ணனை மறந்துடுவாங்க அண்ணி. நாலு பேர் கண்ணுல பட்டாத்தான் வேலை நடக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கோபத்தில் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து லைன் பெண் ஒருத்தி போனை நீட்டி, "அக்கா, இது உங்க வீட்டுக்காரர்தானே?" என்றாள். எங்கள் மாவட்டச் செய்திகளைப் போடுகிற ஒரு யூடியூப் சேனல். என் வீட்டுக்காரரின் போட்டோ. அதன் மேல், ஆப்பிரிக்காவில் சிக்கிய பேரணாம்பட்டு தமிழர், உயிரைக் காப்பாற்றும் டீச்சர் யார், உருக்கமான ஆடியோ இன்று மாலை என்று பெரிய எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு டப்பாவை மூடினேன். கொழுந்தனாருக்குப் போன் போட்டேன். எடுத்ததும், "பாத்தீங்களா அண்ணி?" என்று சந்தோஷமாகக் கேட்டார். நான் என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. எங்கள் மேனேஜரிடம் போய் அரை நாள் லீவு வேண்டும் என்றேன். ஏற்றுமதி ஆர்டர் முடிக்க வேண்டிய வாரம் அது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல், "போய்ட்டு வாம்மா" என்றார்.

அந்தச் சேனல்காரரின் ஆபீஸ் குடியாத்தத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு வந்து, அங்கே பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த கொழுந்தனாரின் லோடு வண்டியிலேயே ஏறிப் போனேன். வழியெல்லாம் வாக்குவாதம்.

"பேரு வருது தம்பி அதுல. ஸ்கூல் பேரு வருது. அந்த பேக்கரிக்காரர் கதைய நான் உங்களுக்குச் சொல்லலியா?"

"பேரணாம்பட்டுல போடற வீடியோவ அங்க எவன் பாக்கப் போறான்? தமிழ் தெரியுமா அவனுங்களுக்கு?"

"பேரு எல்லா பாஷையிலயும் ஒரே பேருதானே?"

அவர் கியரை மாற்றினார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அண்ணி, ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு எங்கண்ணன் முக்கியமா, யாரோ ஒரு பொம்பள முக்கியமா?" என்றார்.

எனக்கு என் வீட்டுக்காரர்தான் முக்கியம். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் அப்பா எப்போது வருவார் என்று கேட்கிறார்கள். அந்த வீடியோவைப் பெரியவர்கள் யாராவது பார்த்து, நிஜமாகவே ஏதாவது நடந்துவிட்டால்? அந்த எண்ணம் எனக்கும் வந்தது. ஆனால் டீச்சர் எழுதியிருந்த இன்னொன்றும் கூடவே வந்தது. அவருக்கும் ஒரு பெண் குழந்தை. பள்ளிக்கூடத்திலேயே அண்டாவுக்குப் பக்கத்தில் தூங்கும் என்று எழுதியிருந்தார். "அவங்களுக்கு எதனா ஆச்சுன்னா, உங்கண்ணன் திரும்பி வந்தாலும் என்னால அவரு மூஞ்சியப் பாக்க முடியாது தம்பி" என்றேன். அவர் வண்டியை வேகமாக ஓட்டினார்.

சேனல்காரர் சின்ன வயசு. கெட்டவர் இல்லை. எங்களுக்கு டீ வரவழைத்தார். வீடியோ தயாராக இருந்தது, ஓட்டிக் காட்டினார். நன்றாகவே செய்திருந்தார். நான் வேலைக்குப் போயிருந்தபோது எடுத்த பேட்டியில் என் மாமியார் பேசுகிற இடத்தில் எனக்கே கண் கலங்கியது. அந்தக் குரல் பதிவும், டீச்சரின் சிரிப்பும், கீழே பெரிய எழுத்தில் டீச்சரின் பெயரும் பள்ளியின் பெயரும் வந்தன.

"மேடம், இது போனா மினிஸ்டர் வரைக்கும் போவும். உங்களுக்கு நல்லதுதானே செய்யறேன்?" என்றார்.

"நல்லதுதான் சார். ஆனா அந்தம்மா அந்த ஆயுதக்காரங்க கையில மாட்டிக்குவாங்க."

"அப்போ பேர எடுத்துடறேன். வாய்ஸையும் கட் பண்ணிடறேன். சார் போட்டோவும், அம்மா பேட்டியும் மட்டும் போடலாம்."

கொழுந்தனார், "அது போதும் அண்ணி, ஒத்துக்கோங்க" என்றார். நானும் ஒத்துக்கொள்ள இருந்தேன். அப்போதுதான் தோன்றியது. அந்த ஊரில் இந்தியாக்காரர் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்? போட்டோவைப் பார்த்தால் ஆளைத் தேடுவார்கள். ஆளைத் தேடினால் அவர் சாப்பிடுகிற இடத்துக்குத்தான் வருவார்கள். டீச்சரைக் கேட்டு முடிவெடுக்கலாம் என்றால், அவர் டீக்கடைக்கு வந்தால்தான் என் மெசேஜே போய்ச் சேரும்.

"எதுவுமே வேணாம் சார்" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். மாலைக்கு என்று அறிவித்தாகிவிட்டது, பார்க்கிறவர்கள் கேட்பார்கள் என்றார். நான் பேக்கரிக்காரர் விஷயத்தைச் சொன்னேன். போட்டோவைப் போனில் வைத்துக்கொண்டே கடைக்கு வந்தார்கள் என்றதும், அவர் கம்ப்யூட்டர் திரையை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் போட்டோவப் போட்டது யாரு மேடம்?" என்று கேட்டார். "சொந்தக்காரங்கதான் சார். பாசத்துல போட்டது" என்றேன். அவர் எங்கள் எதிரிலேயே எல்லாவற்றையும் அழித்தார். காலையில் போட்ட அறிவிப்பையும் எடுத்துவிட்டார். கொழுந்தனார் தன் போனில் இருந்த பதிவை அழித்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். அன்றிலிருந்து பல நாட்கள் அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமியாரும், "என் புள்ள குரலு அது ஒண்ணுதான் இருந்திச்சு" என்று அழுதார்.

அடுத்த வாரம் மாவு மில்லிலிருந்து, வழக்கமில்லாமல் டீக்கடையிலிருந்தே பேசிய ஒரு குரல் பதிவு வந்தது. டீச்சர் ஆங்கிலத்தில், மாத்திரை கிடைத்துவிட்டது, காயம் ஆறுகிறது என்று ஆரம்பிக்கிறார். நடுவில் ஓர் ஆண் குரல் அரபியில் அதட்டுகிறது. நாற்காலி நகரும் சத்தம். பதிவு அத்தோடு நின்று, விரலை எடுத்ததும் தானாக வந்துவிட்டிருக்கிறது.

பக்கத்து வீட்டு பாய் பல வருடம் சவுதியில் டிரைவராக இருந்தவர். அவரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். கொழுந்தனாரும் வாசலில் நின்றிருந்தார். பாய் இரண்டு தடவை கேட்டுவிட்டு, "யாருக்குப் பேசறே, போனை இங்க குடுன்னு கேக்கறான்மா" என்றார். பிறகு மெதுவாக, "மரியாதையா கேக்கல" என்றார்.

அதன் பிறகு ஒன்றுமே வரவில்லை. காலையில் அரை நாள் ஓடிய அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டார்களோ என்று அதே நினைப்பு. அதில் பெயர் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொள்வேன். லைனில் நிற்கும்போது அடுத்தடுத்து தப்பான பீஸைப் பாஸ் பண்ணிவிட்டுத் திட்டு வாங்கினேன். கொழுந்தனார் லோடுக்குப் போகாமல் வீட்டிலேயே கிடந்தார். ஒரு நாள் என் எதிரில் வந்து உட்கார்ந்து, "அந்த வீடியோ போயிருந்தா இன்னா ஆகியிருக்கும் அண்ணி?" என்றார். அவரைத் திட்ட வேண்டும் என்று நான் சேர்த்துவைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. சேனல்காரரும் தினம் ஒரு தடவை போன் பண்ணுவார். "எதனா தகவல் வந்துச்சா மேடம்?" என்பார். செய்திக்காகக் கேட்கவில்லை என்பது குரலிலேயே தெரியும்.

கடைசியில் மெசேஜ் வந்தது. அனுப்பியது என் வீட்டுக்காரர், டீச்சர் போனிலிருந்து. டீச்சரின் வலது கை வீங்கியிருப்பதால் டைப் பண்ண முடியவில்லை, அவர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்திலேயே நான் அடிக்கிறேன் என்று தொடங்கியிருந்தார்.

டீக்கடையிலிருந்து டீச்சரைத் தங்கள் ஆபீசுக்குக் கூட்டிப்போய் அடைத்துவைத்திருக்கிறார்கள். போனில் இந்திய நம்பர் எதற்கு, யார் உனக்குப் படியளக்கிறார்கள் என்று கேள்வி மேல் கேள்வி. டேனரியில் வேலை செய்தவரின் மனைவி, வேறு எதுவும் தெரியாது என்று டீச்சர் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார். அவர்கள் டீச்சரின் பெயரையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் இன்டர்நெட்டில் போட்டுத் தேடியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் தேடினார்களாம், அரபியில் தேடினார்களாம், யூடியூபிலும் தேடினார்களாம். எதுவும் கிடைக்கவில்லை. இதற்குள் அந்தப் பள்ளியில் சாப்பிடுகிற பெண்கள் காலிப் பாத்திரங்களோடு போய் அந்த ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். விரட்டினாலும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் போனையும் திருப்பிக் கொடுத்து டீச்சரை விட்டுவிட்டார்கள்.

நான் அதை வாய்விட்டு மொழிபெயர்த்துப் படித்தேன். யூடியூபிலும் தேடினார்கள் என்ற இடத்தில் கொழுந்தனார் எழுந்து வெளியே போய்விட்டார். வண்டிக்குப் பின்னால் நின்று அவர் அழுததை நான் பார்த்தேன், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. குடியாத்தத்துக்கும் போன் பண்ணிச் சொன்னேன். சேனல்காரர், "தேங்க்ஸ் மேடம்" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. டீச்சருக்கு மட்டும் இந்த வீடியோ விஷயத்தை நாங்கள் இன்றுவரை சொல்லவில்லை. அவர் சுமப்பது போதாதா?

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் அங்கே இருப்பது அவருக்கும் ஆபத்து, டீச்சருக்கும் ஆபத்து என்றாகிவிட்டது. டீச்சரும் அவருடைய ஆட்களும்தான் வழி கண்டுபிடித்தார்கள். அந்த ஊரிலிருந்து பக்கத்து நாட்டுக்கு உப்புப் போட்ட, பதனிடாத பச்சைத் தோல் ஏற்றிய லாரிகள் போகும். வழியில் வரி வசூலித்துக்கொண்டு ஆயுதக்காரர்கள் அவற்றை விட்டுவிடுவார்கள். தோல் பார்த்துத் தரம் பிரிக்கிற ஆள் என்று சொல்லி அதில் இவரை ஏற்றிவிட்டார்கள். ஒரு செக்போஸ்ட்டில் ஒருவன் சந்தேகப்பட்டு, ஒரு தோலை இழுத்துப் போட்டு இது எப்படி என்று கேட்டானாம். இவர் விரலால் தடவிப் பார்த்து, கத்தி பட்ட இடத்தையும் உண்ணி கடித்த இடத்தையும் தெரிந்த அரபியில் வரிசையாகச் சொல்ல, அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டானாம். "அந்த நாத்தத்துல எவனும் கிட்டவே வரல. எனக்கு மட்டும் பேரணாம்பட்டுல உக்காந்திருந்தாப்ல இருந்துச்சு" என்று வந்த பிறகு சொன்னார்.

பக்கத்து நாட்டிலிருந்து நம் தூதரகம் விமானம் ஏற்றிவிட, சென்னை ஏர்போர்ட்டில் அவரைப் பார்த்தபோது பாதி ஆளாக இருந்தார். கால் ஆறியிருந்தது. கொழுந்தனார் அவரைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. வேனில் வரும்போது நான் முதலில் கேட்டது, டீச்சரையும் ஏன் கூட்டிக்கொண்டு வரவில்லை என்றுதான்.

"கூப்டாமலா இருப்பேன்? லாரியில எடம் இருந்துச்சு. கொழந்தையையும் கூட்டிட்டு வாங்கன்னு எவ்ளோவோ சொன்னேன். நாளைக்குக் காலைல பருப்பு யாரு போடறதுன்னு கேட்டாங்க. என்னான்னு பதில் சொல்றது?" என்றார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் வந்த செய்தி எப்படியோ பரவி, பேட்டி கேட்டுச் சிலர் வந்தார்கள். கொழுந்தனாரே வாசலில் நின்று, "உடம்பு சரியில்ல, அப்புறம் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார். உயிரோடு வந்தவர் அரசாங்கத்துக்கும் உதவியவர்களுக்கும் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை, திமிர் பிடித்த குடும்பம் என்று தெருவில் சிலர் பேசினார்கள். காதில் விழுந்தது. கேட்டுக்கொண்டு இருந்துவிட்டோம்.

அதற்கப்புறமும் டீச்சரிடமிருந்து எப்போதாவது மெசேஜ் வந்தது. சென்ற வருடம் அந்த ஊர் மறுபடியும் கை மாறியது. கிளர்ச்சிக்காரர்கள் போய் ராணுவம் வந்துவிட்டது. இனிமேல் நிம்மதி என்று நான் எழுதினேன். இப்போது இவர்கள், அவர்களுக்கு ஏன் சமைத்தாய் என்று கேட்கிறார்கள் என்று பதில் வந்தது. பசித்து வந்தவர்களுக்கு ஊற்றினோம், யார் எந்தப் பக்கம் என்று தட்டில் எழுதியிருக்கவில்லை என்று சொல்லிப் பார்த்தாராம். வேறு ஊருக்குப் போய்விடுங்கள் என்றேன். பார்க்கலாம் என்றார். அதுதான் கடைசியாக வந்தது. அதன் பிறகு நான் அனுப்பிய எதுவும் போய்ச் சேர்ந்ததாகக் காட்டவில்லை. போன் மாற்றியிருக்கலாம். அந்த டீக்கடையே இல்லாமல் போயிருக்கலாம். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறோம். என் மாமியார் மட்டும் சர்ச்சில் மாவு மில்லுக்காரம்மாவுக்காக இன்னும் ஜெபக் குறிப்பு கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

என் வீட்டுக்காரர் இப்போது உள்ளூரிலேயே ஒரு டேனரியில் வேலை செய்கிறார். முன்பைவிடக் குறைந்த சம்பளம்தான், அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. பெரியவள் வருகிற வருடம் ஆசிரியர் பயிற்சியில் சேர வேண்டும் என்கிறாள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

முன்பெல்லாம் டி.வி.யில் சண்டைச் செய்தி வந்தால் சேனலை மாற்றிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். இப்போது எந்த நாட்டில், எந்த ஊர் யார் கைக்குப் போனது என்று சொன்னாலும், நாளைக் காலையில் அங்கே யார் அடுப்புப் பற்றவைப்பார்கள், அவர்களை யார் வந்து என்ன கேட்பார்கள் என்றுதான் என் மனசு முதலில் போகிறது.